கொல்லைக்கு வந்த மலை மைனா

பாய் ஃபோன் செய்தபோது நான் ஒருவரின் மணிக்கட்டை எக்ஸ்ரே மேஜையில் நேராக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது வருடங்களாக அதுதான் என் வேலை. மறுநாள் எனக்கு விடுமுறை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் பறவைகளைப் படமெடுப்பதாக இரண்டு வாரம் முன்பே பேசி வைத்திருந்தோம்.

"மேடம், நாளைக்குப் படகு வேண்டாம். வேற ஒண்ணு கிடைச்சிருக்கு. மலைப் பறவை."

"ஆறுமணிக் குருவியா?"

"அது வருஷா வருஷம் வர்றதுதானே. இது மலை மைனா."

நான் நம்பவில்லை. மலை மைனாவுக்காக ஒருமுறை வால்பாறைக்குப் போய் மூன்று நாள் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு திரும்பியவள் நான். பெரிய மரமொன்றின் உச்சியில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. கேமராவைத் தூக்குவதற்குள் அதுவும் போய்விட்டது. மழைக்காட்டை விட்டுக் கீழே இறங்காத பறவை அது. நெல்லும் உளுந்தும் வாழையுமாகக் கிடக்கும் எங்கள் சமவெளியில் அதற்கு என்ன வேலை?

"நீங்களே பாத்தீங்களா பாய்?"

"ரெண்டு தடவை. வலங்கைமானுக்குத் தெக்க ஒரு ஊரு. ஆத்தங்கரையில பூட்டிக் கிடக்குற வீட்டோட கொல்லை. மஞ்சள் தாடி, செவப்பு மூக்கு, எல்லாம் சரியா இருக்கு. வாங்க, காட்டுறேன்."

பாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வெகுகாலம் சரக்கு ஏற்றி இறக்கிவிட்டு ஊர் திரும்பியவர். படகு ஓட்டத் தொடங்கியவரைப் பறவை பார்க்க வருபவர்கள் மெல்ல மெல்ல வழிகாட்டியாக்கிவிட்டார்கள். ஒரு பறவை எந்தக் கிளைக்கு வரும் என்பது அது வருவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். அதிகம் பேசமாட்டார். அவருடன் எனக்கு அது ஐந்தாவது பயணம்.

தை மாதம், பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. முதல் பஸ்ஸில் கும்பகோணம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வலங்கைமானில் இறங்கியபோது மணி ஆறரை. விடிந்ததற்கான அடையாளமே இல்லை. கடைகளின் விளக்குகள் பனிக்குள் ஊறி மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தன. பாய் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பைக்கில் சாய்ந்து நின்றார். அவர் மனைவி கொடுத்தனுப்பிய இடியாப்பப் பொட்டலம் ஹேண்டில்பாரில் தொங்கியது.

ஊருக்குள் நுழையும் இடத்தில் வாய்க்காலின் குறுக்கே ஒரு மதகு. அங்கேயே பைக்கை நிறுத்தினார். அதற்கு மேல் வரப்பில் நடை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள் இருந்திருக்க வேண்டும், ஆனால் நான்கடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அறுவடை இயந்திரம் ஒன்று திடீரென்று பக்கத்தில் முளைத்தது. ஆளில்லை. அதன் கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருந்தது. எங்களுடைய காலடிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. அந்த நேரத்துக்குத் தவிட்டுக் குருவிகளாவது கத்த வேண்டும்.

கொல்லைக்கு உடைந்த மதில் வழியாகப் போனோம். ஒரு காலத்தில் நன்றாகப் பார்த்துக்கொண்ட இடம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மரங்களுக்கடியில் பனி மெலிந்திருந்தது. தென்னைகள் வரிசையாக நின்றன. நடுவே கிணறு, அதற்குக் கம்பி வலை போட்ட மூடி. வாழைக்கன்றுகள் கேட்பாரில்லாமல் பெருத்துக் காடாகியிருந்தன. கோடியில், ஆற்றுக்கு இறங்கும் இடத்தில் ஓர் ஆலமரமும் அதை ஒட்டி ஓர் அத்தியும். இரண்டிலும் பழம். வடக்குப் பக்கம் பனிக்குள் வீட்டின் பின்சுவர் மங்கலாகத் தெரிந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த கொல்லைக் கதவு. அதில் பூட்டு.

வாழைகளுக்கு இடையில் பாய் முன்தினமே பச்சை வலையும் வைக்கோலும் கொண்டு ஒரு மறைப்புக் கட்டி வைத்திருந்தார். உள்ளே இரண்டு சின்ன ஸ்டூல். டிரைபாடை விரித்து, லென்ஸை வலையின் ஓட்டை வழியாக அத்திமரத்துக்குத் திருப்பி வைத்தேன். பிறகு காத்திருந்தோம்.

ஒரு குக்குறுவான் வந்து பழம் தின்றது. ஒரு மாம்பழக் குருவி வந்து, இருப்புக் கொள்ளாமல் போய்விட்டது. பனி கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க ஆரம்பித்தது. பாய் ஒரு விரலை உயர்த்தினார்.

டொக், டொக், டொக்.

மரங்கொத்தி என்று நினைத்தேன். ஆனால் மரங்கொத்தி அப்படிக் கொத்தாது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடியும் மூன்று தட்டு. பலகைக் கதவை விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

"அய்யா, கதவத் தொறங்க."

ஒரு பெண்ணின் குரல். நடுத்தர வயதிருக்கும். அவசரமில்லாத, பழகிய குரல்.

பாயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "யாரோ வீட்டுக்கு வந்திருக்காங்க," என்று மிகத் தணிந்த குரலில் சொன்னார். "பூட்டின வீடுன்னாங்களே."

மறுபடியும் மூன்று தட்டு. "அய்யா. கதவத் தொறங்கய்யா."

அடுத்தவர் கொல்லைக்குள் கேட்காமல் நுழைந்து உட்கார்ந்திருக்கிறோம். யாராவது வந்திருந்தால் போய்ச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று பாய் எழுந்தார். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. தனியாக உட்கார்ந்திருக்கவும் மனமில்லை என்பதுதான் உண்மை. இருவரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனோம். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வாசல் கதவில் பெரிய பூட்டு. பூட்டுக்கும் நாதாங்கிக்கும் நடுவே சிலந்தி வலை பின்னியிருந்தது, அதில் பனித்துளிகள் கோத்துக்கொண்டு நின்றன. படியில் சருகு. யாரும் மிதிக்காத சருகு.

பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டார்.

திரும்பிக் கொல்லைக்குள் வந்து கிணற்றடியைத் தாண்டும்போது எங்களுக்குப் பின்னால் ஒரு ஆண் இருமினான். வயதானவரின் சளி கட்டிய இருமல். திரும்பிப் பார்த்தால் கிணறும் வாழையும்தான். நாங்கள் ஓடவில்லை. ஆனால் மறைப்புக்குள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பது எனக்கு இப்போதும் நினைவில்லை.

"போயிருவோமா மேடம்?" என்றார் பாய். அதுவரை எந்த இடத்திலும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

நான் பதில் சொல்வதற்குள் அத்திமரத்தின் தாழ்ந்த கிளையில் அது வந்து உட்கார்ந்தது.

மலை மைனாவேதான். ஈரத்தில் ஊதாவும் பச்சையும் மினுங்கும் கறுப்பு உடம்பு. ஆரஞ்சுச் சிவப்பில் அலகு. கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல்மடிப்பு. பத்தடி தூரம் கூட இல்லை. வால்பாறையில் மூன்று நாள் ஏங்கியது இங்கே கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பயம் ஒரு பக்கம் இருக்க, கை தன்பாட்டில் வேலை செய்தது. ஃபோகஸ் வைத்தேன். வீடியோவை ஓடவிட்டேன். வ்யூஃபைண்டரில் அதன் கண்ணே பெரிதாகத் தெரிந்தது.

அலகு திறந்தது. தொண்டை இறகுகள் சிலிர்த்தன. மூன்று தட்டு.

"அய்யா, கதவத் தொறங்க."

பக்கத்தில் பாய் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. நான் கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சின்ன அலகுக்குள்ளிருந்து ஒரு முழு மனுஷியின் குரல் வந்தது. சொல்லை முடிக்கும்போது லேசாக இழுக்கிற இழுப்பு உட்பட. பிறகு மைனா கழுத்தைச் சாய்த்துக்கொண்டு இருமியது. அதே இருமல். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு ஓர் ஆணின் குரலில் சொன்னது:

"வரேன்... வரேன்."

உட்கார்ந்த இடத்திலிருந்து ஊன்றி எழுபவர் சொல்வது போல, இரண்டாவது வரேனில் ஒரு முனகல் கலந்திருந்தது.

யாரோ வளர்த்த பறவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டில் இருக்கும் மலை மைனா மனிதர்களைப் போலப் பேசாது. குஞ்சிலேயே பிடித்துக் கூண்டில் வைத்தால்தான் கேட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். பாயின் காதில் இதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் காரணம் தெரிந்ததால் எங்கள் இருவருக்குமே பயம் குறையவில்லை. அந்தப் பெண் யார்? அந்த மனிதர் எங்கே? யாரை யார் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள்?

நாற்பது நிமிடம் அது அங்கே இருந்தது. பழம் தின்றது, சிறகைக் கோதியது, நடுநடுவே அந்த இருவரையும் பேச வைத்தது. ஒருமுறை வெறுமனே "ம்... ம்..." என்று கொட்டியது, யாரோ கதை சொல்ல யாரோ கேட்பது போல. எனக்கு அதுதான் தாங்கவில்லை. வெயில் லேசாக விழுந்ததும் ஆற்றின் பக்கம் பறந்துவிட்டது.

பொட்டலத்தை அங்கே பிரிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. மறைப்பைக் கலைத்துச் சுருட்டிக்கொண்டு வரப்பில் நடந்தோம். பாதி வழியில் பாய் சொன்னார்: "நான் ஷார்ஜாவுல இருந்தப்ப எங்க உம்மா கேசட்டுல பேசி அனுப்புவாங்க. அவங்க மவுத்தாகி ரொம்ப வருஷமாச்சு. கேசட்டு வீட்டுலதான் இருக்கு. போட்டுக் கேக்க இன்னும் தைரியம் வரல மேடம்."

மதகின் மேல் பைக்குக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நைட்டி மேல் துண்டு போர்த்தியிருந்தார். கையில் தூக்குவாளி. நாங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கொல்லைக்குள்ள போனீங்களா?"

நான் திடுக்கிட்டு நின்றுவிட்டேன். அந்தக் குரல். அந்த இழுப்பு. பாய் வாளியைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

"ஆமாங்க," என்றேன். "பறவைப் படம் எடுக்க. கேட்காமப் போனது தப்புதான்."

"அது கெடக்குது. சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சொல்லுச்சு?"

அவரே சொன்னார்: "கதவத் தொறங்கன்னு சொல்லிருக்கும். நாந்தாம்மா அது. நான் இங்க உசுரோட நிக்கிறேன், என் குரலு அங்க மரத்துல ஏறிக்கிட்டுக் கதவத் தட்டுது. பத்து மாசமாச்சு. அந்தப் பக்கம் நான் காலே வைக்கிறதில்ல."

மதகின் கட்டையில் உட்கார்ந்தோம். பாய் சற்றுத் தள்ளி, வாய்க்காலைப் பார்த்தபடி நின்றார். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அந்த அக்கா பேச ஆரம்பித்தார்.

அந்த வீட்டுக்காரர் மின்சார வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி வருடங்களில் மலையில் ஒரு மின்நிலையத்தில் வேலை. அங்கே யாரோ கொடுத்த குஞ்சுதான் அந்த மைனா. ஊருக்கு வரும்போது துணி மூடிய கூண்டில் கொண்டுவந்தார். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். அக்காதான் தினமும் காலையில் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவார். கொல்லைப் பக்கம் போய்க் கதவைத் தட்டுவார். வீட்டுக்காரருக்கு மூட்டுவலி. "வரேன், வரேன்" என்று உள்ளிருந்து குரல் வரும். எழுந்து வந்து தாழ்ப்பாளை எடுக்கப் பத்து நிமிஷம் ஆகும். சில நாள் கால் மணி நேரம் கூட.

"மைனா பேசும்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"பேசும்னு அவரு சொல்லுவாரு. நான் உள்ள இருந்தா அது வாயத் தொறக்காது, சீட்டி மட்டும் அடிக்கும். நீ போனப்புறம்தான் ஒன்ன மாதிரியே பேசுதுன்னு சிரிப்பாரு. நான் நம்புனதில்ல."

கொஞ்ச நேரம் வாளியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் அதே மாதிரிதான் போனேன். ஆறு மணி. தட்டுனேன். வரேன் வரேன்னாரு. சரி, மெதுவா வாங்கய்யா, ஒண்ணும் அவசரமில்லன்னு படியில உக்காந்தேன். எனக்கு அன்னிக்கு மனசு சரியில்ல. எம்பொண்ணு திருப்பூர்ல கட்டிக்கொடுத்த எடத்துல படுற பாட்ட யாருகிட்டயும் சொன்னதில்ல. கதவுக்கு அந்தப் பக்கம் அவரு இருக்காருங்கிற தைரியத்துல சொல்ல ஆரம்பிச்சிட்டேன். ம், ம்னு கேட்டுக்கிட்டாரு. அழுதேன். அதுக்கும் ம்னாரு. வரேன்னாரு. வெயில் ஏறி படி சுடுற வரைக்கும் பேசிக்கிட்டிருந்தேம்மா."

துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அப்புறம்தான் ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு. ஆளுங்களக் கூப்பிட்டேன். கதவ ஒடச்சாங்க. கட்டிலுக்குக் கீழ கெடந்தாரு. ஒடச்சவங்க வண்டிக்குச் சொல்லணும்னு வெளிய ஓடிட்டாங்க. நான் மட்டும் நின்னேன். அப்ப மூடி வச்ச கூண்டுக்குள்ளேருந்து வரேன், வரேன்னு..."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பனி நனைத்த கை, குளிர்ந்திருந்தது.

"எத்தன மணிக்கு வந்தேன்னு எல்லாரும் கேட்டாங்க. லேட்டாத்தான் வந்தேன்னு சொல்லிட்டேன். ஆறு மணிக்கே வந்து, சாகக் கெடந்தவர் வாசல்ல உக்காந்து கதை பேசுனேன்னு எப்புடிச் சொல்லுறது? கூண்ட எடுத்துட்டுப் போயி கொல்லையில தொறந்து விட்டேன். எங்கயாச்சும் கண்காணாமப் போய்த் தொலையும்னு. அது அங்கயே உக்காந்துக்கிட்டு ஊருக்கே சொல்லுது."

"ஊர்ல யாரும் கேக்கலையா?"

"கேட்டிருக்காங்க. பேய்ங்கிறாங்க. அந்த அய்யா போனதுலேருந்து அவர் ஆவியோட ஒரு பொம்பள ஆவியும் சுத்துதுங்கிறாங்க. என் மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்கம்மா. நான் செத்தாத்தானே ஆவி?"

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பிறகு என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஆஸ்பத்திரி என்றதும் அவர் முகம் மாறியது. அவர் அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க சொல்லுங்க. நான் அப்பவே கத்தியிருந்தா பொழச்சிருப்பாரா?"

நான் டாக்டர் இல்லை. எலும்பையும் நெஞ்சையும் படமெடுக்கிறவள். ஆனால் இத்தனை வருடத்தில், மணிக்கணக்கில் தாமதமாகத் தூக்கி வந்தவர்களை எங்கள் ஸ்கேன் அறைக்குள் தள்ளி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர்கள் வராந்தாவில் பேசிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன். சட்டென்று ஆறுதல் சொல்லிவிட முடியவில்லை.

"கதவ உடைச்சப்ப மணி என்ன இருக்கும்?"

"எட்டு, எட்டே கால்."

"அவரத் தூக்குனப்ப ஒடம்பு எப்புடி இருந்துச்சு?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "கட்டையாட்டம். கைய மடக்க வரல. காலும் முட்டியோட அப்படியே நின்னுச்சு. நாலு பேரு கதவச் சாச்சுத் தூக்குற மாதிரித் தூக்குனாங்க."

எட்டே காலுக்குக் கால் வரை விறைத்திருந்தால் உயிர் போய் வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். ஆறு மணிக்குப் பிறகு நடந்திருந்தால் அப்படி ஆகியிருக்காது. எனக்குத் தெரிந்த வரை அதுதான் சரி. எனக்குத் தெரிந்தது போதுமா என்று அந்த நேரத்தில் என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

"ராத்திரியே போயிருக்காருக்கா. நீங்க தட்டுனப்ப அவரு இல்ல. நீங்க கத்தியிருந்தாலும், ஊரையே கூட்டியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையை விட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் நிம்மதியாகிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அப்ப," என்றார் மெதுவாக, "முதல் தடவை வரேன்னு சொன்னதும் அதுதானா?"

குற்றத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் வைத்தது என்ன என்பது அப்போதுதான் புரிந்தது. அதுவரை அவர் கணக்கில், அன்று காலையில் கொஞ்ச நேரமாவது அந்த மனிதர் உள்ளே இருந்தார். கொஞ்சமாவது கேட்டார். இப்போது அதுவும் இல்லை. அழுததெல்லாம் ஒரு மூடிய கூண்டிடம்.

"நீங்க எடுத்ததக் காட்டுங்க," என்றார்.

"வேண்டாம்க்கா."

"காட்டுங்கம்மா. தூரத்துலேருந்தே கேட்டுக்கேட்டுப் பயந்துட்டேன். பக்கத்துல அது பேசிப் பாத்ததில்ல."

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்தார், காட்டுங்கள் என்று. கேமராவின் சின்னத் திரையில் வீடியோவை ஓடவிட்டேன். பகல் வெளிச்சத்தில் திரை மங்கலாகத் தெரிந்தது, அக்கா துண்டை எடுத்து எங்கள் இருவர் தலைக்கும் மேல் போட்டு இருட்டாக்கினார். அந்தச் சின்ன இருட்டுக்குள் எங்கள் மூச்சுக்காற்று கலந்திருக்க, மைனா அலகைத் திறந்தது. அக்காவின் குரல் கேட்டது. பக்கத்தில் அக்காவின் உதடும் அசைந்தது, சத்தமில்லாமல். பிறகு இருமல். பிறகு, வரேன், வரேன்.

"அவரேதான்," என்றார். "அந்த முனகல் கூட."

மூன்று முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை முடிந்ததும் துண்டை எடுத்தார். வெயிலில் கண் கூசியது. தூக்குவாளியைத் திறந்து பாய்க்கும் எனக்கும் அதன் மூடியிலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் இடியாப்பப் பொட்டலத்தைப் பிரித்தோம். மூன்று பேரும் சாப்பிட்டோம். இடியாப்பம் நன்றாக இருக்கிறது, தேங்காய்ப்பால் எப்படிப் பிழிந்தார்கள் என்று அவர் பாயிடம் கேட்டார். பாய் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பும் வழியில் பாய் பைக்கை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். "வனத்துறைக்குச் சொல்லணும் மேடம். கூண்டுல வளந்தது. இங்க பத்து மாசம் தாங்குனதே பெருசு. பருந்து அடிச்சிரும்." சொல்லலாம் என்றேன். யார் வளர்த்தது என்று கேட்டால் இறந்தவரைச் சொல்லுவோம், கூண்டைத் திறந்தவரைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அவர்கள் வலையோடு வந்து இரண்டு நாள் காத்திருந்தார்கள் என்று பாய் பிறகு ஃபோனில் சொன்னார். மைனா அகப்படவில்லை. மாசியில் அத்திப்பழம் ஓய்ந்ததும் அது கொல்லைக்கு வருவதும் நின்றுவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில், நாலு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மூங்கில் தோப்பில் யாரோ கதவு தட்டுவதாகவும், அந்த ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கம் துணி துவைக்கப் போவதில்லை என்றும் ஒரு பேச்சு இருந்தது. பாய் போய்ப் பார்த்தார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தும் எதுவும் கேட்கவில்லையாம்.

அந்த வீடியோவை நான் யாருக்கும் அனுப்பவில்லை. பறவைப் படம் எடுக்கிறவர்களின் குழுவில் போட்டிருந்தால் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியிருக்கும். ஒருமுறை மட்டும், என் வீட்டில் தனியாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மூன்று தட்டு கேட்டதும் என்னையறியாமல் எழுந்து வாசல் பக்கம் இரண்டடி நடந்துவிட்டேன். அதன் பிறகு போடவில்லை.

அக்கா சித்திரையில் ஃபோன் செய்தார். என் நம்பரை பாயிடம் வாங்கியிருக்கிறார். திருப்பூரிலிருந்து பேசினார். ஊரைக் காலி செய்துகொண்டு மகளிடமே வந்துவிட்டாராம். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. மருமகன் இப்போது வீட்டில் இல்லை என்றார். நான் மேலே கேட்கவில்லை. பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல். அதற்கு மேல் எழும்பப் பார்த்த அந்தக் குரலை முதல் நொடியில் நான் மைனாவின் குரலாகத்தான் கேட்டேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

"எல்லாத்தயும் எம்பொண்ணுகிட்ட சொல்லிட்டேம்மா," என்றார். "படியில உக்காந்து பேசுனத. அவளப் பத்தித்தானே பேசுனேன். அவ அந்த மைனாவப் பாக்கணுங்கிறா. ஒரு படம் அனுப்புறீங்களா? சத்தம் வேண்டாம். படம் மட்டும்."

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து எல்லாப் படங்களையும் திறந்தேன். நானூற்றுக்கும் மேல் இருந்தன. பேசும்போதுதான் நான் விடாமல் ஷட்டரை அழுத்தியிருக்கிறேன் போலும், எதைப் பார்த்தாலும் அலகு திறந்தே இருந்தது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. சிறகைக் கோதி முடித்துவிட்டு, வாய் மூடி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை அனுப்பினேன்.